தூபாவுக்கு ஓதிய ஃபாத்திஹா

தூபாவுக்கு என்ன வயது என்று கேட்டால் எங்கள் குல்தரே கிராமத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மலைவெள்ளம் வந்து மசூதியின் பாதிச் சுவரை அடித்துக்கொண்டு போன வருஷம் பிறந்தவள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பால்பல் விழுந்து முடிவதற்குள் அவளைத் தறிக்கு முன்னால் பலகையில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை என்று அவளுடைய தோழி ஷௌகத் கேலி செய்வாள். கல்யாணம், பிள்ளைப்பேறு, புருஷனின் சாவு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் இறங்கிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாள், அவ்வளவுதான்.

காஷான் நகரத்திலிருந்து முதலாளி கம்பளி நூலும் வரைபடமும் கொண்டுவந்து கொடுப்பார். கம்பளம் முடிந்ததும் தறியிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் முதலாளியின் பெயர் வரும். அதையும் தூபாதான் நெய்வாள். தன் விரலால் இன்னொருவன் பெயரை முடிச்சு முடிச்சாகப் போட்டு, சீப்பால் அடித்து இறுக்கி, நன்றாக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்ப்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும், அவளுக்குக் கோபமே வந்ததில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரே ஓர் ஆசை கிடந்தது. தன் கை நெய்த ஒரு கம்பளத்தின் முன்னால் யாராவது ஒருவர் நின்று, இது தூபாவின் வேலை என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். சாவதற்கு முன்னால் ஒரு தடவை அது நடந்தால் போதும்.

அவளுக்கு ஒரே மகன், ஈரஜ். தறியில் உட்கார அவனுக்கு உடம்பு வணங்கவில்லை, வாய்தான் வணங்கியது. பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரின் குரலில் பேசி வாத்தியாரையே சிரிக்க வைத்தவன். இப்போது காஷானில் பயணிகளுக்கு வழிகாட்டி. ஃபீன் தோட்டத்து நீரோடை, காற்றுக் கோபுரம் வைத்த பழைய மாளிகைகள், கடைத்தெருவின் பெரிய குவிமாடம் எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் ஹாஜி சபூரியின் கம்பளக் கடைக்குக் கூட்டிவந்து நிறுத்துவான். அவன் பேசினால் கல்லுக்கும் கண்ணீர் வரும் என்று தூபா நம்பினாள். அவன் பேசுவதை அவள் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இலையுதிர் காலத்தில் அவன் ஊருக்கு வந்து, "அம்மா, முதலாளிக்கு நெஞ்சது போதும். எனக்குன்னு ஒண்ணு நெய். நானே அது முன்னால நின்னு உன் கதையை எல்லாருக்கும் சொல்றேன்" என்றான். தூபாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைச்சாயம் வேண்டாம் என்றான். மஞ்சிட்டி வேரும் மாதுளைத் தோலும் அக்ரோட்டு ஓடும் போட்டு அவளே சாயம் காய்ச்சினாள். பழங்காலக் கம்பளம் ஒன்றின் பழைய புகைப்படத்தைக் காட்டி அதே பூவேலைதான் வேண்டும் என்றான், அப்படியே நெய்தாள். ஓரக் கட்டத்தில் தன் பெயரைப் போடட்டுமா என்று கூச்சத்தோடு கேட்டபோது, "பேரு எதுக்கும்மா, அழகு கெட்டுடும். பேரை நான் வாயால சொல்லிக்கிறேன்" என்றான். பிள்ளைக்கு எவ்வளவு ரசனை என்று பூரித்துப் போனாள். இரண்டு குளிர்காலம் முழுக்க அதிலேயே உட்கார்ந்தாள்.

கம்பளம் காஷானுக்குப் போய் மாதங்கள் ஆயின. பன்னீர் ரோஜாப் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த வசந்தத்தில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த பூவைப் பறிக்கக் கூடாது. "வாடி, உன் பிள்ளை பேசுறதைப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். நீயா எந்தக் காலத்துல போகப்போறே?" என்று ஷௌகத் இழுத்தாள். ரொட்டியில் பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்துச் சுருட்டி மகனுக்கு எடுத்துக்கொண்டு, சாதரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு பேரும் வேன் ஏறிவிட்டார்கள்.

கடைத்தெருவில் மழை இல்லை, கூரை உண்டு. செம்பு தட்டுகிறவர்களின் ஓசையைத் தாண்டி உள்சந்துக்குள் திரும்பினார்கள். அங்கே நடைபாதைக்குக் குறுக்கே ஒரு கம்பளம் விரித்துக் கிடந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் அதன்மேல் ஏறி இறங்கியது. பின்னாலேயே சேறு சொட்டும் கைவண்டி. அதன் பின்னால் பேசிக்கொண்டே போன நாலைந்து பேரின் செருப்புக் கால்கள்.

யாரோ பாவம், கம்பளம் வண்டியிலிருந்து விழுந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் தூபா நினைத்தாள். அப்புறம்தான் நிறம் கண்ணில் பட்டது. மூலையில் ஒரு பறவை. அதன் ஒரு சிறகு மட்டும் அக்ரோட்டுப் பழுப்பு. சிவப்பு நூல் தீர்ந்துபோன அன்று அவளே யோசித்து மாற்றியது.

"ஐயோ! ஐயோ, என் கம்பளம்!" என்று அலறிக்கொண்டு போய் அதன்மேல் விழுந்தாள். அடுத்து வந்த மோட்டார் சைக்கிள்காரன் பிரேக் பிடித்ததில் சறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி நின்றான்.

"தாயே, சாகறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று அவன் கத்தினான்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? கம்பளத்து மேல வண்டியை ஓட்டுறியே, நீ மனுஷனாடா?" என்று ஷௌகத் அவன் சட்டையைப் பிடிக்கப் போனாள்.

எதிர்த் தூணில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த சுமைகூலி ஒருவர் சாவகாசமாக எழுந்து வந்தார். "சண்டை வேணாம் தாயீ. அது கீழே விழலை, நான்தான் போட்டேன். ஹாஜி சபூரி கடைச் சரக்கு."

"போட்டியா? தெருவுலயா?" என்றாள் தூபா.

"பின்னே? புதுசு பழசாக வேணாமா? செருப்பும் டயரும் நல்லா மிதிச்சாத்தான் பளபளப்பு வரும். வெயில்ல காயப் போட்டாச்சு, தேயிலைத் தண்ணி காட்டியாச்சு, பத்து நாளா மிதியும் வாங்கியாச்சு. இப்பப் பாரு, நூறு வயசுக் கிழவி மாதிரி ஆயிடுச்சு." அவர் கம்பளத்தைத் தட்டிக்கொடுத்தார். "எந்திரி தாயீ. சரக்கை உள்ள கொண்டாரச் சொல்லி ஆள் வந்துட்டாங்க."

அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு அவர் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தூபா சேறு படிந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி பின்னாலேயே போனாள். பெற்ற பிள்ளையைத் தெருவில் போட்டு மிதித்ததைப் பார்த்தால் எப்படி இருக்கும், அவளுக்கு அப்படி இருந்தது.

"இது அந்த ஹாஜியோட வேலைதான். ஈரஜுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா அவன் சும்மா விடுவானா?" என்றாள்.

ஷௌகத் ஒன்றும் சொல்லவில்லை. ஷௌகத் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அபூர்வம்.

கடை நிறையப் பயணிகள். தப்ரீஸிலிருந்து வந்த கூட்டம் என்பது பேச்சிலேயே தெரிந்தது, பாதிக்கு மேல் பெண்கள். எல்லோர் கையிலும் தேநீர்க் கண்ணாடி. நடுவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஈரஜ் நின்றான். மகன் இவ்வளவு உயரமா என்று தூபாவுக்குத் தோன்றியது. முன்னால் போனால் பேச்சு தடைபடும் என்று, அடுக்கி வைத்த கம்பளங்களுக்குப் பின்னால் ஷௌகத்தோடு ஒதுங்கி நின்றுகொண்டாள். சுமைகூலி கம்பளத்தை உதறி விரித்தார். கூட்டம் 'ஆ' என்றது.

"இதை நெய்தவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது," என்று ஈரஜ் ஆரம்பித்தான். சத்தமில்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்கிற மாதிரிப் பேசினான். "ஆனா வரைபடம் முழுக்க மனப்பாடம். தறிக்கட்டையில தூளியைக் கட்டிட்டு, ஒத்தைக் காலால ஆட்டிக்கிட்டே முடிச்சுப் போடுவாங்க. குழந்தை அழுதா தாலாட்டுப் பாட மாட்டாங்க, வரைபடத்தையே பாட்டாப் பாடுவாங்க. ரெண்டு சிவப்பு, ஒரு நீலம், நாலு வெள்ளைன்னு. அந்தக் குழந்தை அம்மான்னு சொல்றதுக்கு முன்னால நீலம்னு சொல்லிச்சாம்."

பெண்கள் சிரித்தார்கள். தூபாவின் கண்ணில் பொலபொலவென்று நீர் வழிந்தது. ஒரு சொல் பொய்யில்லை. எல்லாம் அப்படியேதான் நடந்தது. தூளியில் கிடந்த இவன் இதையெல்லாம் எப்போது கேட்டுக்கொண்டான், எங்கே சேர்த்து வைத்திருந்தான்? தெருவையும் சேற்றையும் அவள் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டாள். ஷௌகத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சிவப்பு நூல் தீர்ந்துபோன அன்னிக்குப் பறவை பாதியில நின்னுடக் கூடாதேன்னு சிறகைப் பழுப்புல முடிச்சாங்க. பாருங்க, இதோ," என்று குனிந்து காட்டினான். பிறகு நிமிர்ந்து கொஞ்சம் நிறுத்தினான். "அந்தத் தூளியில கிடந்த குழந்தைதான் எங்க தாத்தா. நெய்தவங்க என் கொள்ளுப்பாட்டி. ஆண்டவன் அவங்க பாவத்தை மன்னிக்கட்டும், மண்ணுக்குள்ள போய் எழுபது வருஷமாச்சு. அவங்க கை கடைசியா நெய்தது இது."

ஆண்டவன் மன்னிக்கட்டும் என்பது எங்கள் ஊர்ப் பக்கம் இறந்தவர்களை மட்டுமே பற்றிச் சொல்கிற சொல். உயிரோடிருப்பவரைத் தவறிப்போய்ச் சொல்லிவிட்டால்கூட நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் ஆயுசுக்கு மூன்று முறை துஆ கேட்பார்கள். தூபாவுக்கு முதலில் புரியவில்லை. யார் கொள்ளுப்பாட்டி என்று நினைத்தாள். செத்துப்போனதாக அவன் சொல்வது தன்னைத்தான் என்று அப்புறம்தான் புரிந்தது.

முன்வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மஹ்லகா என்று பெயர், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "தம்பி, என் அம்மாவும் தறியில உக்காந்தே காலம் கழிச்சவ. அவ நெஞ்ச கம்பளம் ஒண்ணுகூட எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. உன் கொள்ளுப்பாட்டி பேரு என்னப்பா? ஒரு ஃபாத்திஹா ஓதிட்டுப் போறேன்."

ஈரஜின் வாய்க்கு எந்தப் பெயரும் கிடைத்திருக்கும். ஆயிரம் பெயர் இருக்கிறது உலகத்தில். ஆனால் அன்றைக்கு அவன் வாயில் வந்தது ஒன்றுதான்.

"தூபா," என்றான்.

"தூபாவோட ரூஹு அமைதியடைய எல்லாரும் ஓதுங்க," என்றாள் மஹ்லகா. கூட்டம் மொத்தமும் தலையைக் குனிந்து ஓத ஆரம்பித்தது. சுமைகூலி கைகளை ஏந்திக்கொண்டார். கல்லாவில் இருந்த ஹாஜி சபூரிகூட உதட்டை அசைத்தார்.

எங்கள் ஊரில் யாராவது இறந்தவருக்கு ஃபாத்திஹா தொடங்கினால் யாருக்கு என்று கேட்டுக்கொண்டு யாரும் நிற்பதில்லை. உதடு தானாகக் கூடச் சேர்ந்துகொள்ளும், பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். தூபாவின் உதடும் சேர்ந்துகொண்டது. பாதி சூரா தாண்டி, முடியப்போகிற நேரத்தில்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. தன்னுடைய ஆத்மாவுக்குத் தானே ஓதிக்கொண்டிருக்கிறாள்! நிறுத்தவும் முடியவில்லை, ஓதுவதைப் பாதியில் விடுவது பாவம். முழுவதும் ஓதி முடித்தாள்.

ஷௌகத் முன்னால் பாய்ந்தாள். தூபா அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அவளுக்கு வலித்திருக்க வேண்டும். அந்தச் சலசலப்பில் ஈரஜ் திரும்பிப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

"அடடா, இந்த அம்மாவும் அழறாங்களே," என்று மஹ்லகா தூபாவின் தோளை அன்பாகத் தொட்டாள். "நீங்களும் நெசவு பண்றவங்களா அக்கா?" தூபா தலையை ஆட்டினாள். மஹ்லகா ஈரஜிடம் திரும்பி, "அவங்களை அடக்கின கபர் எங்கப்பா இருக்கு?" என்றாள்.

"அது... ஊர்ல. குல்தரேல," என்றான் ஈரஜ். அவன் கண் அம்மாவை விட்டு நகரவில்லை. வாய் பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டது.

"குல்தரேயா! நாளைக்குப் பன்னீர் காய்ச்சறதைப் பார்க்க நாம போறதே அங்கதானே!" என்று பெண்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். "அப்போ புதுப் பன்னீரையே வாங்கி அவங்க கபர்ல ஊத்திடலாம். எவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்கு பாருங்க," என்றாள் மஹ்லகா.

தூபா வெளியே வந்துவிட்டாள். ரொட்டிப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

வேனில் ஷௌகத் பொருமித் தீர்த்தாள். "என்னை ஏண்டி பிடிச்சே? விட்டிருந்தா அவன் மூஞ்சியிலேயே கேட்டிருப்பேன். டேய், இதோ நிக்கிறாடா உன் கொள்ளுப்பாட்டி, கண்ணைத் திறந்து பாருடான்னு. சாயங்காலம் கடைத்தெரு பூரா சிரிச்சிருக்கும்."

"அதான் பிடிச்சேன்," என்றாள் தூபா.

"நீ செத்தாச்சுன்னு சொல்றான், அவன் மானத்தை நீ காப்பாத்துறியா?"

வெளியே மழைக்குப் பின் மலை கழுவிவிட்டது போல் தெரிந்தது. தூபா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஈரஜ் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கத்தைவிட நிதானமாக உள்ளே நுழைந்தான். தூபா தேநீர் ஊற்றி வைத்தாள். சர்க்கரைக் கட்டிக் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்தாள். வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் பேச அவளுக்குத் தெரியாது.

"கடையில நீ வாயைத் திறக்காம போனியே அம்மா, அதுலதான் நான் பிழைச்சேன்," என்றான். "ஹாஜி அங்கேயே இருந்தாரு. ஒரு வார்த்தை விழுந்திருந்தா என் வேலை போயிருக்கும்."

"ஹாஜிதான் அப்படிச் சொல்லச் சொன்னாரா?"

அவன் தேநீரைப் பார்த்தான்.

"உன்னைத்தாண்டா கேக்கறேன். கம்பளத்தைத் தெருவுல போடச் சொன்னது யாரு?"

"எல்லாரும் செய்யறதுதானேம்மா," என்றான். "உயிரோட இருக்கறவ நெஞ்சா அது வெறும் கம்பளம். செத்தவ நெஞ்சாத்தான் அதுக்கு விலை. உலகம் அப்படி. நானா பண்ணேன்? ஆனா பாரு, உன்னைப் பத்தித்தான் பேசினேன். உன் கதையைத்தான் சொன்னேன். அத்தனை பேரும் உனக்காகத்தான் அழுதாங்க. நீ ஆசைப்பட்டது அதுதானே?"

அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் மெல்ல மெல்லத் தூபாவின் தலைக்குள் ஏறியது. மஞ்சிட்டி வேர். பழைய புகைப்படம். பேரு எதுக்கும்மா.

"பேரு போட வேணாம்னு சொன்னியே. அன்னிக்கேவா?" என்றாள்.

"அம்மா..."

"அன்னிக்கே நீ முடிவு பண்ணிட்டியா? நான் ரெண்டு குளிர்காலம் உக்காந்து நெஞ்சப்ப எல்லாம், வாரா வாரம் வந்து பார்த்தியே, என் முதுகைப் பிடிச்சுவிட்டியே, அப்ப எல்லாம் உன் மனசுல நான் செத்துப்போனவளா?"

ஈரஜ் சர்க்கரைக் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை பொய் சொல்கிறவனுக்கு அந்த ஒரு பொய் மட்டும் வரவில்லை.

"இப்ப அதை விடும்மா," என்றான் கடைசியில். "நாளைக்கு அந்த அம்மா கபரைப் பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. கம்பளத்தையும் அதுதான் வாங்கப்போகுது. கபரைக் காட்டலைன்னா சந்தேகம் வந்துடும்." குரலைத் தணித்துக்கொண்டான். "உன் இடம் இருக்கே. கல்லுகூடப் பதிச்சிருக்கே. அதைக் காட்டிடறேன். நீ பக்கத்துல நின்னு ஆமாம்னு சொன்னா போதும்."

எங்கள் ஊர்க் கபர்ஸ்தான் சின்னது, சுற்றிலும் வாதுமைத் தோப்புச் சுவர்கள். இடம் முன்கூட்டியே வாங்கி வைக்காவிட்டால் சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில் படுக்க முடியாது. புருஷன் இறந்தபோது அவன் இரண்டு பக்கத்தையும் அவனுடைய அண்ணன் தம்பிகள் ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தார்கள். அதனால் தூபா தன் அம்மாவின் காலடியில் ஓர் இடம் வாங்கினாள். புருஷனின் கல்லைச் செதுக்க வந்த ஆளை வைத்தே தன் கல்லையும் செதுக்கிப் பதித்துவிட்டாள். பிறந்த வருஷம் யாருக்கும் தெரியாததால் பெயர் மட்டும்தான். மற்றதை வேளை வரும்போது செதுக்கிக்கொள்ளலாம் என்றார் அந்த ஆள். ஆறு வருஷத்து வெயிலும் பனியும் பட்டு அது ஏதோ பழங்காலத்துக் கல் போலவே இருந்தது.

"என் கபர்ல என்னையே கொண்டுபோய் நிறுத்தறியா?" என்றாள் தூபா. சத்தம் போட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரிக் கேட்டாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம்மா. எனக்காக," என்றான் ஈரஜ்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் சம்மதிப்பாள் என்று நினைத்துக்கொண்டு அவன் தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் பறித்த பூ மலையாகக் குவிந்திருந்தது. செம்புக் கொப்பரைகளில் பூவும் தண்ணீரும் கொதித்தன. மூடியின் இடுக்கில் களிமண் பூசி, குழாயின் மறுமுனைக் கூஜாவை ஓடைத் தண்ணீரில் அமுக்கி வைத்திருந்தார்கள். தூபா கொப்பரைக்குப் பூ அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து வந்து நின்றது. தப்ரீஸ்காரிகள் மூக்கை விரித்து வாசம் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். மஹ்லகா நேரே கொப்பரைக்கு வந்து, சூடு ஆறாத பன்னீர் ஒரு கூஜா வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். தூபாவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நேத்து கடையில பார்த்தேனே! நீங்க இந்த ஊரா அக்கா? வாங்க, வாங்க, நீங்களும் கூட வாங்க. தறிக்காரிக்குத் தறிக்காரிதானே ஓதணும்."

அவளுக்குப் பின்னால் நின்ற ஈரஜ் கண்ணாலேயே கெஞ்சினான். தூபா கையிலிருந்த இதழ்களைத் தட்டிவிட்டு நடந்தாள். ஷௌகத்தும் வாயை இறுக மூடிக்கொண்டு கூடவே வந்தாள்.

கல்லைச் சுற்றி முட்செடி மண்டியிருந்தது. ஈரஜ் ஓடிப்போய் அதைக் காலால் மிதித்து விலக்கினான். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். மஹ்லகா சிரமப்பட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். கூஜாவைச் சரித்துக் கல்லைப் பன்னீரால் கழுவினாள். வெறுங்கையாலேயே தேய்த்தாள். எழுத்தின் பள்ளங்களில் இருந்த மண்ணை நகத்தால் எடுத்தாள். தூபா என்ற பெயர் ஈரத்தில் பளிச்சென்று தெரிந்தது. பிறகு இரண்டு விரலால் கல்லின்மேல் கதவைத் தட்டுவது போலத் தட்டி, உள்ளே இருப்பவள் கேட்க வேண்டுமே என்று குனிந்து பேசினாள்.

"தூபா அம்மா, நான் தப்ரீஸிலேருந்து வந்திருக்கேன். உன் கையைப் பார்த்தேன்மா. அந்தப் பறவையைப் பார்த்தேன். எங்க அம்மாவுக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, உனக்காவது சொல்லிட்டுப் போறேன். உன் கை நோகாம இருக்கட்டும்." அதற்குமேல் பேச முடியாமல் கல்லின்மேல் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அறுபது வருஷமாகத் தூபா காத்திருந்த வார்த்தை அதுதான். அது அவள் காலடியில், ஒரு காலிக் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மகன் பொய் சொன்னதைப் பொறுத்துக்கொண்டாள், தன்னைச் சாகடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இந்த அம்மாளின் கண்ணீரை வெறுங்கல்லில் ஊற்ற விடுவதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

குனிந்து மஹ்லகாவின் ஈரக் கையைப் பிடித்து எழுப்பினாள். நூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய தன் விரல் நுனிகளை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"அழாதீங்கம்மா. இதுக்குள்ள யாரும் இல்லை. இது எனக்காக வாங்கி வெச்ச இடம். அந்தப் பறவையை நான்தான் நெஞ்சேன். நான்தான் தூபா."

மஹ்லகா அந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள். கம்பளக்காரியின் மகள் அவள், விரல் சொல்வது அவளுக்குத் தெரியும். "உயிரோட இருக்கறவளுக்கா ஓதினேன்?" என்று நடுங்கினாள். "யா அல்லாஹ்! நேத்து ஓதினேன், கூட்டத்தையே ஓத வெச்சேன். இது உங்களுக்கு ஆகாதே அக்கா! நான் ஓதினதெல்லாம் இப்ப யாருக்குப் போய்ச் சேரும்?"

ஈரஜ் சுவரோரம் நின்றிருந்தான். அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் "அம்மா" என்று ஒரு அடி எடுத்து வைத்தான்.

தூபா அவன் பக்கம் திரும்பவே இல்லை. மஹ்லகாவின் கண்ணைத் தன் சாதரின் நுனியால் துடைத்துவிட்டாள்.

"வீணாப் போகாதும்மா," என்றாள். "அதோ நிக்கிறானே, அந்தப் பையனுக்கு அம்மா இல்லை. ரெண்டு வருஷமாச்சு செத்து. அவளுக்குப் போய்ச் சேரட்டும்."

பிறகு மஹ்லகாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, தேநீர் குடிக்கத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். கபர்ஸ்தானில் ஈரஜ் மட்டும் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.